நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளும் ‘ரீசெட் ஹார்ட்’ கொடுத்துவிட்டேன், மூன்று நாள் வேலை போய்விட்டது. மீட்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. முதலில் அந்தக் கோப்புறையை அப்படியே விட்டுவிடுங்கள். பதற்றத்தில் அதை அழித்துவிட்டுப் புதிதாகக் குளோன் (நகல்) செய்துவிடாதீர்கள். நீங்கள் தேடுவது அதற்குள் மறைந்திருக்கும் ‘.கிட்’ கோப்புறையில்தான் இருக்கிறது.

கம்மிட் செய்திருந்தால், அதாவது மாற்றங்களைக் கிட்டில் பதிந்திருந்தால், ஐந்து நிமிட வேலை. ‘கிட் ரீஃப்ளாக்’ கொடுத்தால் ஹெட், அதாவது நீங்கள் நிற்கும் கம்மிட்டைக் காட்டும் குறி, எங்கெங்கே நின்றது என்று வரிசையாக வரும். ரீசெட்டுக்கு முந்தைய கம்மிட்டின் எண்ணை எடுத்து, ‘கிட் பிராஞ்ச்’ கொண்டு அதிலிருந்து புதுக் கிளை தொடங்குங்கள். கைவிடப்பட்ட கம்மிட்டின் இந்தக் குறிப்பு வழக்கமாக 30 நாள் வரை இருக்கும்.

கம்மிட் செய்யவில்லை, கோப்பை அடுத்த கம்மிட்டுக்குத் தயாராக்கும் ‘கிட் ஆட்’ மட்டும்தான் என்றால் பலரும் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். அது எனக்கு ஆறவே ஆறாது. ஆட் கொடுத்த கணமே கோப்பின் உள்ளடக்கம் முழுவதும் ‘.கிட்’ உள்ளே ஒரு பிளாப்பாக (உள்ளடக்கத்தை மட்டும் வைத்திருக்கும் பதிவு) எழுதப்பட்டுவிடுகிறது. ரீசெட் அதைத் தொடுவதில்லை.

ஒரு சம்பளக் கணக்கு நிரலில் எனக்கும் இதுவே நடந்தது. இரவு பதினொரு மணி, காலையில் ஒப்படைக்க வேண்டும். எதோடும் இணைப்பில்லாமல் கிடப்பவற்றைத் தேடியெடுக்கும் ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ கொடுத்தேன். ‘.கிட்’ உள்ளே ‘லாஸ்ட்-ஃபவுண்ட்’, அதனுள் ‘அதர்’ என்ற கோப்புறையில் அறுபதுக்கும் மேற்பட்ட கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, நாற்பது எழுத்து எண் மட்டுமே. பிளாப்பில் கோப்பின் பெயர் இருக்காது. அதனால் நான் எழுதிய ஒரு வரியை நினைவுபடுத்தி, ‘தீபாவளி முன்பணம்’ என்ற குறிப்பை கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளை கொண்டு தேடினேன். நான்கு கோப்புகளில் வந்தது. ஆட் கொடுத்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு வடிவம். நான்கையும் வரி வரியாக ஒப்பிட்டேன். அன்று மாலை திருத்திய பிடித்தக் கணக்கு ஒன்றில் மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

தாமதிக்காதீர்கள். எதோடும் இணைப்பில்லாத பிளாப் இரண்டு வாரம் கடந்தால், வேண்டாதவற்றை அகற்றும் ‘கிட் ஜிசி’ ஓடும்போது துடைத்துவிடும்; அது சில கட்டளைகளின்போது தானாகவும் ஓடும்.

ஆட் கூடச் செய்யவில்லை என்றால் கிட்டிடம் எதுவும் இராது. எடிட்டரைப் பாருங்கள். விஎஸ் கோடில் அந்தக் கோப்பைத் திறந்து ‘டைம்லைன்’ பகுதிக்குப் போனால், முன்பு சேமித்த வடிவங்கள் நேரத்தோடு கிடைக்கும். ஜெட்பிரைன்ஸ் எடிட்டர்களில் அதன் பெயர் ‘லோக்கல் ஹிஸ்டரி’.