சின்ன டிசி மோட்டாரின் வேகத்தைக் குறைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: 12 வோல்ட் மோட்டாருக்கு 10 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டேன். வேகம் குறைந்தது. ஆனால் லோடு வந்ததும் நின்றுவிடுகிறதே?

பதில்: கணக்குப் போட்டால் புரிந்துவிடும். சும்மா சுற்றும்போது மோட்டார் 0.2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டரில் 2 வோல்ட் போகும், மோட்டாருக்கு 10 கிடைக்கும். இப்போது தண்டை இரண்டு விரலால் அழுத்திப் பிடியுங்கள். கரண்ட் 0.8க்கு ஏறினால் ரெசிஸ்டரே 8 வோல்ட்டை விழுங்கிவிடும், மோட்டாருக்கு மிஞ்சுவது 4 தான். பலம் தேவைப்படும் நேரம் பார்த்துப் பலத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. போதாததற்கு ரெசிஸ்டரில் 6.4 வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் என்றால் கருகிவிடும்.

கேள்வி: சரி, வேறு என்னதான் வழி?

பதில்: பிடபிள்யூஎம், அதாவது துடிப்பின் அகலத்தை மாற்றும் முறை. 12 வோல்ட்டை முழுதாகவே கொடுத்து, நொடிக்குப் பல நூறு தடவை விட்டு விட்டுக் கொடுப்பது. பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப் என்றால் சராசரி 6 வோல்ட். ஸ்விட்சாக இருக்கும் மாஸ்பெட் என்ற டிரான்சிஸ்டர் கரண்டை முழுதாக விடும், இல்லையேல் முழுதாக நிறுத்திவிடும். அதனால் சூடு குறைவு. குமிழைத் திருகி வேகம் மாற்றினால் போதும் என்பவர்களுக்கு இந்தத் துடிப்பை உண்டாக்க 555 என்ற டைமர் ஐசியே தாராளம்.

கேள்வி: ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டு) பின்னில் மோட்டாரை நேராக மாட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஆர்டுயினோ யூனோ மாடலின் ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்பியர்தான் பாதுகாப்பு. பின்னை மாஸ்பெட்டின் கேட்டுக்கு, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் காலுக்குக் கொடுங்கள். ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்பெட் யூனோ தரும் 5 வோல்ட்டில் சரியாகத் திறக்காது, ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். அப்புறம் மோட்டாருக்குக் குறுக்கே டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். கரண்ட் அறும்போது சுருள் எதிர்த்து அடிக்கும் வோல்ட்டேஜுக்கு அதுதான் வடிகால். டையோடு இல்லாமல் ஓட்டி, மாஸ்பெட் செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார், ஆர்டுயினோ இரண்டின் சப்ளை கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: வேகத்தைக் குறைத்தால் மோட்டார் கீச்சிடுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது.

பதில்: யூனோவின் 9ஆம் பின் 490 ஹெர்ட்ஸில் துடிக்கிறது, அதுதான் காதில் விழுகிறது. யூனோவின் உள்ளே இருக்கும் டைமரின் செட்டிங்கை மாற்றி 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றினால் கேட்காது. அந்த வேகத்தில் மாஸ்பெட்டின் கேட்டை வேகமாக இயக்க நல்ல கேட் டிரைவர் ஐசியும், வேகமான ஷாட்கி டையோடும் வேண்டும். சுற்றாததற்குக் காரணம் உராய்வு. முதலில் ஒரு கணம் முழு வேகம் கொடுத்துக் கிளப்பி, பிறகு இறக்குங்கள். எப்போதுமே மெதுவாகத்தான் ஓட வேண்டும் என்றால் கியர் மோட்டார் வாங்குவதே நல்லது.

கேள்வி: எல்298என் என்ற மோட்டார் டிரைவர் போர்டில் 6 வோல்ட் மோட்டார் மந்தமாக ஓடுகிறதே?

பதில்: அதன் உள்ளே இருப்பவை பழைய வகை டிரான்சிஸ்டர்கள், 2 வோல்ட்டோ அதற்கு மேலோ அங்கேயே போய்விடும். மாஸ்பெட் உள்ள டிபி6612 டிரைவர் போட்டுப் பாருங்கள்.