பேஸ்மென்டில் நூலாக நீளும் நாற்றுகள்: எதை முதலில் சரிசெய்வது?

டொரன்டோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "மார்ச் இரண்டாம் வாரம் பேஸ்மென்டில் மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் விதைத்தேன். குழித்தட்டுக்கு அடியில் சூடு தரும் பாய் போட்டேன், எல்லாம் நன்றாக முளைத்தன. மூன்றடி உயரத்தில் ஒரு எல்ஈடி க்ரோ லைட் தொங்குகிறது. இப்போது ஏப்ரல் பிறந்துவிட்டது. நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு ஒரு பக்கமாகச் சாய்கின்றன. கீழ் இலைகள் மஞ்சள். இரண்டு மூன்று ஒரே இரவில் விழுந்துவிட்டன. மண்ணைத் தொட்டால் குட்டிக் குட்டிப் பூச்சிகள் பறக்கின்றன. தினமும் தண்ணீர் விடுகிறேன், 20-20-20 உரமும் (நைட்ரஜன், பொஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ளது) இரண்டு தடவை கலந்து ஊற்றினேன். அதற்குப் பிறகு இன்னும் மோசம். காப்பாற்ற முடியுமா, இல்லை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்ப விதைக்கவா?"

பாதிக்கு மேல் காப்பாற்றலாம். முதல் வேலை, உரப் போத்தலை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். நாற்று வாடினால் தண்ணீர், மஞ்சளானால் உரம் என்றுதான் எல்லோருக்கும் கை போகும். வீட்டுக்குள் வளரும் நாற்றுக்கு அநேகமாக இரண்டுமே தேவைப்பட்டிருக்காது. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது செடி மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும், மெதுவாகத்தான் சத்து எடுக்கும். நீங்கள் கொடுத்தது அத்தனையும் மண்ணிலேயே தேங்கி நிற்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள ஐந்து தொல்லைகளில் நான்கு இந்த ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை.

எனவே வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். மூன்றடி மிக அதிகம். போதிய ஒளி கிடைக்காத நாற்று, தனக்கு மேலே வேறு செடிகள் நிழல் கட்டி நிற்பதாகக் கணக்குப் போட்டுக்கொண்டு, இலையையும் வேரையும் விட்டுவிட்டுத் தண்டை மட்டும் நீட்டும். வயலில் அந்தக் கணக்கு சரி, உங்கள் பேஸ்மென்டில் தப்பு. லைட் வந்த பெட்டியில் 1000 வாட்ஸ் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். லைட்டின் பின்பக்கத்தில் அல்லது அடாப்டரில் சிறிய எழுத்தில் அது உண்மையாக இழுக்கும் மின்சாரம் எழுதியிருக்கும், பல தடவை 100 வாட்ஸ் அளவுதான் இருக்கும்.

லைட் எத்தனை அங்குலத்தில் இருக்கவேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு லைட்டும் ஒரு ரகம். அளந்து பார்ப்பதே வழி. போனில் இலவசமாகக் கிடைக்கும், வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, போனின் முன்பக்கம் லைட்டைப் பார்க்கும்படி, சரியாக இலையின் உயரத்தில் பிடியுங்கள். போனின் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கலாம், நமக்கு அது போதும். வெள்ளை லைட் என்றால் 15,000 லக்ஸ் சுற்றி வந்தால் நாற்றுப் பருவத்துக்கு நல்ல வெளிச்சம். 5,000க்குக் கீழே காட்டினால் செடி நீளாமல் வேறென்ன செய்யும்? ஊதா நிறத்தில் எரியும் லைட்டுக்கு இந்த அளவு பொருந்தாது. மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதைத்தான் லக்ஸ் அளக்கும், சிவப்பையும் நீலத்தையும் அது குறைத்தே காட்டும்.

ஒரே நாளில் லைட்டைக் கீழே இறக்கிவிடாதீர்கள். மங்கிய வெளிச்சத்தில் வளர்ந்த இலை மெல்லியது, திடீரென்று கடும் வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும். இன்றைக்கு 8,000 லக்ஸ் வரும் உயரம், பிறகு மூன்று நான்கு நாளில் படிப்படியாக 15,000. இறக்கிய பிறகு இலைக்கு மேலே புறங்கையை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். சூடு உறைத்தால் கொஞ்சம் உயர்த்துங்கள்.

நேரம் 16 மணி எரியட்டும், 8 மணி இருட்டு. இதற்கு ஒரு டைமர் வாங்கிச் செருகிவிட்டால் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க எரியவிட்டால் சீக்கிரம் தேறும் என்று சிலர் அணைக்காமலே விடுவார்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் அது ஆகவே ஆகாது. இருட்டே கிடைக்காவிட்டால் அந்த இரண்டின் இலைகளும் திட்டுத்திட்டாக மஞ்சள் பூக்கும், அதைச் சத்துக்குறை என்று நினைத்து இன்னும் உரம் ஊற்றுவோம்.

அடுத்தது சூடு. முளைக்கும்வரை மிளகாய்க்கும் கத்தரிக்கும் மண் 25 முதல் 30 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும், அந்தப் பாய் இல்லாமல் கனடா பேஸ்மென்டில் முளைக்கவைப்பது பெரும்பாடு. ஆனால் வித்திலை, அதாவது முளைத்ததும் முதலில் வரும் சோடி இலை, விரிந்ததும் பாயின் வேலை முடிந்தது. அடியில் சூடும் மேலே மங்கிய வெளிச்சமும் சேர்ந்தால் தண்டு இன்னும் வேகமாக நீளும், மண்ணில் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். பாயை எடுத்துவிட்டு, தட்டை சிமெந்துத் தரையில் வைக்காமல் மேசைக்கு ஏற்றுங்கள். பகலில் 21, 22 பாகை, இரவில் 18 என்றால் மூன்றுக்கும் சரி. உங்கள் பேஸ்மென்ட் எப்போதும் 16 பாகைதான் என்றால் மட்டும், தெர்மோஸ்டாட் வைத்து மண் 20 பாகையைத் தாண்டாதபடி பாயைத் தொடரலாம். தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறுகிறதா என்று திருப்பிப் பாருங்கள். வேர் குளிர்ந்துபோய் பொஸ்பரஸ் எடுக்க முடியாமல் நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். மண்ணில் பொஸ்பரஸ் நிறையவே இருக்கும், சூடுதான் இல்லை.

இப்போது விழுந்த நாற்றுகள். இங்கே நீங்கள் உட்கார்ந்து கிட்டத்தில் பார்க்கவேண்டும், ஏனென்றால் விழுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தண்டு அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக, வெளிறிய பச்சையாக இருக்கும், பாரம் தாங்காமல் வளைந்திருக்கும். இது வெளிச்சக் குறைவு மட்டும்தான், பிழைத்துவிடும். மற்றது, மண்மட்டத்தில் தண்டு சுருங்கி, நீர் கோர்த்தது போலப் பழுப்பாகி, அந்த ஓரிடத்தில் மட்டும் கம்பி போல மெலிந்திருக்கும். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும், அதனால் நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று விழுந்துவிட்டது என்று தோன்றும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற, மண்ணில் வாழும் பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர்கள் செய்கிற வேலை. ஈர மண், அடர்த்தியான நாற்று, அசையாத காற்று, இந்த மூன்றும் அதற்குப் பிடித்தவை.

நாற்றழுகல் வந்த கன்றுக்கு மருந்து இல்லை. மஞ்சள்தூள் தூவலாமா, கறுவாத்தூள் தூவலாமா என்று கேட்பார்கள். தூவினால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் மெலிந்த தண்டு அதனால் திரும்பப் பருக்காது. அந்தக் கன்றையும் அதன் குழியில் உள்ள மண்ணையும் கரண்டியால் அள்ளிக் குப்பையில் போடுங்கள். பக்கத்தில் உள்ளவற்றைக் காப்பாற்றுவதுதான் இப்போது காரியம். ஒரு சின்ன விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், திரும்பி வரும் காற்றில் இலைகள் லேசாக ஆடினால் போதும். இதில் இன்னொரு இலாபமும் உண்டு. ஆடி அசைந்து வளரும் தண்டு குட்டையாகவும் கெட்டியாகவும் வளரும். விசிறி இல்லையென்றால் ஒரு நாளில் சில தடவை உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெல்லத் தடவிவிட்டாலும் அதே பலன்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். தண்ணீர் விட்டு வடிந்த தட்டை ஒரு தடவை கையில் தூக்கிப் பாருங்கள், காய்ந்த பிறகு இன்னொரு தடவை தூக்குங்கள். இரண்டு பாரத்துக்கும் உள்ள வித்தியாசம் கைக்குப் பழகிவிட்டால் பிறகு விரலை மண்ணில் குத்தவே வேண்டாம். தட்டு இலேசானதும், அகலப் பாத்திரத்தில் ஒரு அங்குலம் அறைச்சூட்டுத் தண்ணீர் விட்டு அதில் தட்டை 20 நிமிடம் வையுங்கள். அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், தட்டு அதில் நின்றுகொண்டே இருக்கக்கூடாது. மேல்மண் காய்ந்தே இருப்பதால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் இடமில்லை.

குழாய்த் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். டொரன்டோ தண்ணீரில் கலப்பது குளோரமைன், அது அப்படிச் சுலபமாக ஆவியாகிப் போகாது. இருந்தாலும் நாம் குடிக்கும் அளவில் அது நாற்றைக் கொல்வதில்லை. தண்ணீரைத் திறந்து வைக்கும் பழக்கத்தை விடவேண்டியதில்லை, ஏப்ரல் மாதத்துக் குழாய்த் தண்ணீரின் குளிர் அதனால் போகும், வேருக்கு அதுவே உதவி.

அந்தப் பறக்கும் குட்டிக் கறுப்புப் பூச்சிகளை ஃபங்கஸ் நாட் என்பார்கள். பறப்பவை வெறும் தொந்தரவு. ஈர மண்ணில் அவை இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் இளம் வேரைக் கடிக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டைகளை மண்மட்டத்துக்குப் பக்கத்தில் படுக்கையாக வையுங்கள், மேல் ஒரு சென்டிமீட்டர் மண் காயட்டும். அதற்கும் அடங்காவிட்டால் தோட்டக் கடைகளில் அந்தப் புழுவைக் கொல்லும் நெமடோட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்புழு கிடைக்கும், தண்ணீரில் கலந்து ஊற்றலாம்.

சரி, மஞ்சள் இலைக்கு வருவோம். ஒரு கன்றை, மோசமானதுமில்லாமல் நல்லதுமில்லாமல் நடுத்தரமான ஒன்றை, குழியின் அடியைப் பிதுக்கி முழுசாக வெளியே எடுத்துப் பாருங்கள். பிடிக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் கவலையில்லை. பழுப்பாக, வழுவழுப்பாக இருந்து, இரண்டு விரலால் இழுக்கும்போது மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே முடி போன்ற நரம்பு மட்டும் மிஞ்சினால், வேர் மூச்சுமுட்டி அழுகியிருக்கிறது. மண்ணின் மேலே வெள்ளை உப்புப் படர்ந்திருந்தால் அது நீங்கள் ஊற்றிய உரம். இலை நுனி கருகுவதற்கும் அதுவே காரணம்.

புத்தகங்களில், உப்பு ஏறிய மண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்வார்கள். ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் உங்கள் நாற்றுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். மண்ணை மாற்றி நடுவதே மேல். உப்பு, புழு, புளித்த ஈரம் மூன்றும் ஒரே தடவையில் போய்விடும். புதிய நாற்று மண் வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். அதில் இருக்கும் பீட் (மக்கிய பாசி) காய்ந்திருந்தால் தண்ணீரை உள்ளே விடாது, அதனால் முதலிலேயே ஊறவேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்கவேண்டும், ஓரிரு துளிக்கு மேல் சொட்டக்கூடாது. மூன்று அங்குலச் சட்டிகள் போதும், அடியில் ஓட்டை கட்டாயம். பெரிய சட்டியில் சின்ன வேரை வைத்தால் சுற்றியுள்ள மண் காயவே காயாது. வெளித் தோட்டத்து மண்ணையோ போன வருடத்துச் சட்டி மண்ணையோ எடுக்காதீர்கள், நாற்றழுகலை நாமே கூட்டி வந்து குடிவைத்த மாதிரி ஆகிவிடும்.

தக்காளியை வித்திலைவரை ஆழமாகப் புதைத்து நடலாம், புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். நீண்டுபோன தக்காளி இதனால் ஒரு குறையும் இல்லாமல் தேறிவிடும். மிளகாயும் கத்தரியும் அந்த அளவுக்கு வேர் விடாது. இருந்தாலும் தண்டில் பழுப்பு இல்லையென்றால் வித்திலைக்குச் சற்றுக் கீழேவரை புதைக்கலாம், சாய்வதாவது குறையும். அதற்கு மேலும் ஆடினால் ஒரு பல்குத்தும் குச்சி ஊன்றிவிடுங்கள்.

மாற்றி நட்ட பிறகு பத்து நாளுக்கு உரம் என்ற பேச்சே வேண்டாம். மஞ்சளான பழைய இலைகள் திரும்பப் பச்சையாகாது, அவற்றைப் பார்த்துக் கலங்காதீர்கள். நடுக்குருத்தைப் பாருங்கள். அங்கே புது இலை பச்சையாக, இடைவெளி குறுகி வந்தால் செடி தேறிவிட்டது. அப்புறம் அதே 20-20-20ஐ, போத்தலில் சொன்ன அளவில் கால்பங்கு கலந்து வாரத்துக்கு ஒரு தடவை கொடுங்கள்.

திரும்ப விதைப்பதா என்று கேட்டீர்கள். தக்காளிக்குத் தாராளமாக விதைக்கலாம். ஆறு வாரக் கன்று நடுவதற்கு அருமையானது, உண்மையில் மார்ச் நடுவில் விதைத்ததே கொஞ்சம் முந்திதான். கத்தரியை இந்த வாரமே விதைத்தால் ஓகஸ்டில் காய் பார்க்கலாம். மிளகாய் மட்டும் அப்படியில்லை. முளைக்கவே இரண்டு வாரம் எடுக்கும், வளர்வதும் மெதுவு, இப்போது விதைத்தால் காய்க்கத் தொடங்கும்போது குளிர் வந்துவிடும். அதனால் இருக்கிற மிளகாய்க் கன்றுகளில் உழைப்பைப் போடுங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் மே மாதம் நம் கடை வாசல்களில் விற்கும் கன்றை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியே வைக்க, மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின லோங் வீக்கெண்ட்வரை பொறுங்கள். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகப் பழக்கத் தொடங்கவேண்டும். முதல் நாள் வெயில் நேரே படாத இடத்தில் ஒரு மணி நேரம், பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, காலை வெயிலுக்கும் காற்றுக்கும் விடுங்கள். லைட்டுக்குக் கீழே எவ்வளவு திடமாக வளர்ந்த கன்றும் நேரடி வெயிலில் முதல் நாளே ஒரு மத்தியானம் நின்றால் இலை வெந்து வெள்ளையாகிவிடும். நிலத்தில் தக்காளியை முதலில் இறக்கலாம். மிளகாயும் கத்தரியும் இரவு வெப்பம் 12 பாகைக்கு மேல் நிலையாக நிற்கும்வரை சட்டியிலேயே இருக்கட்டும். சில வருடங்களில் அது ஜூன் முதல் வாரம்வரை போகும், அதுவரை மாலையில் உள்ளே எடுப்பதும் காலையில் வெளியே வைப்பதும்தான் வேலை.