குவெட்டாவில் கேட்டவர்கள்

வணக்கம்.

பாகிஸ்தானில் ராணுவத்தையும் மக்களையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஏற்கும்படியாக இல்லை. 2025 மே மாதச் சண்டையின்போது அங்கே ராணுவ வண்டிகள் மேல் பூ தூவியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். தங்கள் நாட்டில் தீவிரவாதிகள் வளர்வது தெரிந்தும் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காத மக்கள் மேல் நாம் எதற்காகப் பரிதாபப்பட வேண்டும்? கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கு. ம., திண்டுக்கல்

*

அன்புள்ள கு. ம.,

பூ தூவியது உண்மைதான். இம்ரான் கானைச் சிறையில் வைத்திருப்பதற்காக அதுவரை ராணுவத்தைத் திட்டிக்கொண்டிருந்த பலரும் அந்த நான்கு நாட்களில் மாறிப்போனார்கள். மே 20 அன்று தளபதி அசிம் முனீர் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அந்த நாட்டில் அயூப் கானுக்கு அடுத்து அந்தப் பட்டம் பெற்றவர் இவர்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டு 'பாவம் மக்கள்' என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் 'ஒருவரும்' என்று எழுதிவிட்டீர்களே, அந்தச் சொல்தான் எனக்கு வலிக்கிறது. ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். குவெட்டா, பலுசிஸ்தானின் தலைநகர். சுற்றிலும் மொட்டை மலைகள், ஜனவரியில் எலும்பைத் துளைக்கும் குளிர்.

அந்த ஊரின் அலம்தார் சாலைப் பக்கம் ஹஸாராக்கள் வாழ்கிறார்கள். 1890களில் ஆப்கானிஸ்தானின் அமீர் அப்துர் ரஹ்மானின் படைகளிடமிருந்து தப்பி வந்தவர்களின் வழி வந்தவர்கள் இவர்களில் பலர். பாரசீகத்தின் கிளைமொழி ஒன்றைப் பேசுபவர்கள், பெரும்பாலும் ஷியாக்கள். கூட்டத்தில் நின்றால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். 1965 போரில் பாகிஸ்தான் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் மூசா கான் ஒரு ஹஸாரா. அவருடைய ஜனங்களைத்தான் லஷ்கர்-இ-ஜாங்வி என்ற சன்னி தீவிரவாத அமைப்பு வருடக்கணக்கில் தேடித்தேடிக் கொன்றது. 2011 செப்டம்பரில் மஸ்தூங் பக்கம், ஈரானுக்கு யாத்திரை கிளம்பிய பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கிச் சுட்டார்கள்.

2013 ஜனவரி 10 அன்று மாலை அலம்தார் சாலையில் ஒரு ஸ்நூக்கர் கிளப்பில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அடிபட்டவர்களைத் தூக்க அக்கம்பக்கத்தார், போலீஸார், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். சில நிமிடங்களில் வெளியே நின்ற வண்டியில் இரண்டாவது குண்டு வெடித்தது. ஓடிவரட்டும் என்று காத்திருந்து வைத்தது.

நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் மௌத் ஆனால் எவ்வளவு சீக்கிரம் அடக்கம் செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். காலையில் இறந்தவரை அநேகமாக மாலைக்குள் அடக்கிவிடுவார்கள். மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, காக்கவைக்கக் கூடாது என்பது அவ்வளவு ஆழமான நம்பிக்கை. அதே நம்பிக்கை உள்ள தாய்மார்கள், எண்பதுக்கும் மேற்பட்ட உடல்களை அந்தக் குளிரில் தெருவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அடக்கம் செய்ய மாட்டோம், முதலில் பதில் சொல்லுங்கள் என்றார்கள். ஒரு இரவு, இரண்டு இரவு, மூன்று இரவு. கராச்சியிலும் லாகூரிலும் இஸ்லாமாபாத்திலும் ஆட்கள் அவர்களுக்காகச் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் பிரதமர் ராஜா பர்வேஸ் அஷ்ரஃப் நேரில் வந்தார், முதலமைச்சர் ரைசானியின் மாகாண அரசு கலைக்கப்பட்டது. அதன் பிறகுதான் குழி வெட்டினார்கள்.

பிள்ளையின் உடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்திருந்த தாயை நினைத்துப் பாருங்கள். ஏன் என்று கேட்பதற்கு இதைவிடப் பெரிய வழி எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? ஊரின் பாதுகாப்பை ராணுவத்திடம் ஒப்படையுங்கள் என்று. உங்களுக்கு இது முரணாகப் படலாம். போலீஸாலும் அமைச்சர்களாலும் கைவிடப்பட்டவர்களுக்கு, கதவைத் தட்ட மிச்சம் இருந்தது அந்த ஒரு வீடுதான். ராணுவத்தின் மேல் அங்கே உள்ள பற்றில் இந்தக் கையறுநிலையும் ஒரு பகுதி, அதைப் பக்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் என்ன நடந்தது? ஐந்தே வாரத்தில், பிப்ரவரி 16 அன்று, ஹஸாரா டவுன் பக்கத்துச் சந்தையில் ஒரு தண்ணீர் டேங்கரில் வைத்த குண்டு வெடித்தது. மறுபடியும் எண்பதுக்கும் மேல். மறுபடியும் அடக்கம் செய்ய மறுத்து உட்கார்ந்தார்கள்.

அதே ஊரின் வக்கீல்களையும் சொல்ல வேண்டும். 2007-ல் முஷாரஃப் தலைமை நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கியபோது, நாடு முழுக்கக் கறுப்புக் கோட்டோடு தெருவில் இறங்கி ராணுவ ஆட்சியை ஆட்டம் காணவைத்தது அந்நாட்டு வக்கீல்கள்தான். 2016 ஆகஸ்ட் 8 காலை குவெட்டாவில் பலுசிஸ்தான் வக்கீல் சங்கத் தலைவர் பிலால் அன்வர் காசியைச் சுட்டுக் கொன்றார்கள். உடல் சிவில் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சக வக்கீல்கள் அங்கே கூடினார்கள். கூட்டத்துக்குள் தற்கொலைக் குண்டு வெடித்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் ஐம்பதுக்கும் மேல் வக்கீல்கள். அந்த மாகாணத்தில் அனுபவம் உள்ள ஒரு தலைமுறை வக்கீல்கள் ஒரே காலையில் போய்விட்டார்கள். வீட்டில் முதன்முதலாகப் படித்து மேலே வந்த பிள்ளைகள் அதில் பலர்.

அதை விசாரித்த நீதிபதி காசி ஃபயஸ் ஈசா, உள்துறை அமைச்சர் தடைசெய்யப்பட்ட அமைப்பின் தலைவரைச் சந்தித்துப் பேசியதைத் தன் அறிக்கையிலேயே குறிப்பிட்டுக் கண்டித்தார். தீவிரவாதத்தை வளர்ப்பது யார் என்ற உங்கள் கேள்வியை, பதவியில் இருந்த ஒரு பாகிஸ்தான் நீதிபதி எழுத்தில் கேட்டிருக்கிறார்.

குவெட்டா பிரஸ் கிளப் முன்னால் காணாமல் போன பலூச்சுகளின், அதாவது பாதுகாப்புப் படைகள் பிடித்துப்போனதாகச் சொல்லப்படும் அந்த மாகாணத்து மக்களின், குடும்பங்கள் 2009-லிருந்து புகைப்படங்களோடு உட்காருகின்றன. மாமா கதீர் என்ற முதியவரின் மகன் அந்த ஆண்டு கடத்தப்பட்டார், 2011-ல் பிணமாகக் கிடைத்தார். கதீர் 2013 அக்டோபரில் பெண்களையும் ஒரு சிறுவனையும் அழைத்துக்கொண்டு குவெட்டாவிலிருந்து கராச்சிக்கு நடந்தார், அங்கிருந்து இஸ்லாமாபாத்துக்கு நடந்தார். 2,000 கிலோமீட்டருக்கு மேல். டாக்டர் மஹ்ரங் பலூச்சின் அப்பாவுக்கும் அதே கதி. அந்த மகள்தான் 2023 டிசம்பரில் துர்பத்திலிருந்து இஸ்லாமாபாத்துக்குப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போனார். அவர்களைத் தண்ணீர் பாய்ச்சியும் தடியால் அடித்தும் வரவேற்றார்கள்.

ஆயுதம் எடுத்த பலூச் குழுக்களை நான் ஆதரிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் மூசாகேலில் வண்டிகளை மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, பஞ்சாபிகளைப் பிரித்து இறக்கி இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். மஸ்தூங்கில் ஹஸாராக்களுக்கு நடந்ததேதான். இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவில், கையில் புகைப்படம் மட்டும் வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இப்போது உங்கள் மே மாதத்துக்கு வருகிறேன். அதற்கு ஏழு வாரம் முன்னால், மார்ச் 21 அன்று, குவெட்டாவில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு மூவர் இறந்ததாக மஹ்ரங்கின் அமைப்பு சொன்னது. அந்த உடல்களை வைத்துக்கொண்டு சரியாப் சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் விடியலில் போலீஸ் வந்து உடல்களை எடுத்துக்கொண்டு அவரைக் கைது செய்தது. சண்டை தொடங்கியபோது அவர் சிறையில் இருந்தார். அந்த நான்கு நாட்களில் அவரைப் பற்றி அங்கே யார் பேச முடியும்? அந்த மே மாதத்திலேயே பலூச் ஆயுதக் குழுக்களுக்கு 'ஃபித்னா அல் ஹிந்துஸ்தான்' (இந்தியா தூண்டும் குழப்பம்) என்று அரசே பெயர் சூட்டியது. இந்தியாவின் கைக்கூலி என்ற பழி, புகைப்படம் ஏந்தியவர்கள் மேலும் சுலபமாக விழுகிறது. நம் டிவிக்காரர்கள் பலுசிஸ்தானைத் தூக்கிப் பிடித்துக் கத்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழிக்கு எடை கூடுகிறது. அங்கே கேட்பவர்களின் வாயை அடைக்க, எல்லையில் ஒரு சண்டையைப் போல அந்த நாட்டு ராணுவத்துக்கு உதவுவது வேறில்லை. நமக்கு அது பழிவாங்கலாகத் தெரிந்த நேரத்தில் அவர்களுக்கு அப்படித்தான் முடிந்தது.

நீதிபதி ஈசாவின் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, நூற்றுச் சொச்சம் பக்கம்தான். தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.

அன்புடன்