ஆக்சிஜனே இல்லாதபோது ஆக்சிஜனேற்றம் எப்படி?

கேள்வி: என் அண்ணனுக்கு இதயம் நின்றுபோய், மார்பை அழுத்திப் பிழைக்க வைத்தார்கள். இப்போது ஞாபகமறதி. ஆக்சிஜன் கிடைக்காததால் மூளையில் ‘ஆக்சிஜனேற்றச் சேதம்’ என்கிறார் டாக்டர். இல்லாத ஆக்சிஜன் எப்படிச் சேதம் செய்யும்? இதயம் துடித்தபின் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்களே, ஏன்? வைட்டமின் ஈ கொடுக்கலாமா?

பதில்: நரம்பியல் வகுப்பில் இதைக் கேட்டால் என் மாணவர்களில் பாதிப் பேர் முழிப்பார்கள். நீங்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஓய்விலும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது, சேமிப்போ கிடையாது. ரத்தம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும், சில நிமிடங்களில் செல்லின் எரிபொருளான ஏடிபி தீர்ந்துவிடும். சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் நிற்கும், நரம்புகளைத் தூண்டும் குளுட்டமேட் கொட்டும், கால்சியம் உள்ளே பாயும். இதற்கிடையே செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் எரியாமல் தேங்குகிறது. கேஸ் கசிந்து நிறைந்த அறை மாதிரி. தீக்குச்சி, திரும்பி வரும் ஆக்சிஜன்தான்.

ரத்தம் மறுபடி ஓடியதும் சக்சினேட் சட்டென்று எரியும். எலக்ட்ரான்கள் தவறான திசையில் ஓடி ஆக்சிஜனில் ஒட்டிக்கொள்ள, சூப்பராக்சைடு பிறக்கிறது, அக்கம்பக்கத்தைத் தாக்கும் ஆக்சிஜன் வடிவம் இது. ஆக்சிஜனேற்றச் சேதம் என்பது இந்தத் தாக்குதல்தான். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. அது இரும்போடு சேர்ந்தால் ஹைட்ராக்சில், இந்தக் கூட்டத்திலேயே பெரிய போக்கிரி. மூளைச் செல்களின் சவ்வு எளிதில் ஆக்சிஜனேறும் கொழுப்பாலானது. பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியும் அங்கே குறைவு. ஞாபகங்களைப் பதியவைக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதிச் செல்கள் உடனே சாவதில்லை, இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகின்றன. ஞாபகம் அடிபடுவது அதனால்தான்.

சரி, ஆக்சிஜனைக் குறைத்தது? இதயம் நின்றிருக்கும்போது முழு ஆக்சிஜன் கொடுத்தே ஆகவேண்டும். துடிப்பு திரும்பி, அளவை நம்பகமாகப் பார்க்க முடிந்தபின், ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 94 முதல் 98 சதவீதம் இருந்தால் போதும். அதற்குமேல் ஏற்றினால் தீக்குத்தான் தீனி. பிறந்ததும் மூச்சுவிடத் திணறும் நிறைமாதக் குழந்தைகளுக்கும் 2010 வழிகாட்டுதல்களில் இருந்து சாதாரணக் காற்றில்தான் தொடங்குகிறோம். நான் பயிற்சி எடுத்த காலத்தில் 100 சதவீதம்தான் வழக்கம்.

வைட்டமின் ஈ வேண்டாம். அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள், இந்த ரசாயனத்தை வைத்துப் பார்த்தால் பலிக்கவேண்டும்தான். ஆனால் இதே வேலைக்காக, பக்கவாதத்துக்கென வந்த என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து எலிகளின் மூளையைக் காத்தது. மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனையில் தோற்றது, 2007இல் முடிவு வெளியானது. தீப்பிடித்து முடிந்தபின் மாத்திரை போய் என்ன செய்யும்? தவிர, அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவை அதிகரிக்கலாம். அண்ணன் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அது கூடுதல் வம்பு. அந்தப் பணத்தை ஞாபகப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம்.