டங்ஸ்டனா, இஸட்22ஆ? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோல் பதனிடும் கெமிக்கல் விற்கிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று டேனரி டேனரியாகச் சுற்றும் வேலை. ஆர்டரும் பாக்கியும் குறிக்க போனை எடுத்தால் வாட்ஸப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு பாம்டாப் (உள்ளங்கையில் அடங்கும் பழைய குட்டிக் கம்ப்யூட்டர்) வாங்க ஆசை. பட்ஜெட் 2,500 ரூபாய். பாம் எம்105, டங்ஸ்டன் இ, இஸட்22 மூன்றும் கண்ணில் பட்டன. டங்ஸ்டன் திரை பளிச்சென்று இருக்கிறது. எதை எடுக்கலாம்?

எஸ்., ராணிப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

டங்ஸ்டன் இ வேண்டாம். 320க்கு 320 திரை, அழகுதான். ஆனால் அது 2003ல் வந்த மாடல். எழுதுவதெல்லாம் ராமில் இருக்கும். பேட்டரி அடியோடு இறங்கினால் பாக்கிக் கணக்கும் போச்சு. உள்ளே மூடிவைத்த லித்தியம் பேட்டரிக்கோ வயது இருபதைத் தாண்டிவிட்டது.

எம்105ம் ராம்தான். இரண்டு ஏஏஏ செல்லில் ஓடுவதால் பேரணாம்பட்டு பெட்டிக்கடையிலும் உயிர் கொடுத்துவிடலாம். ஆபத்து செல் மாற்றும்போது. பழைய செல்லை எடுத்ததும் ஒரு நிமிஷத்துக்குள் புதுசு உள்ளே போக வேண்டும். அதுவரை டேட்டாவைத் தாங்குவது ஒரு கெபாசிட்டர். இந்த வரிசையில் அது பழுதாவது சகஜம்.

இஸட்22 எடுங்கள். 2005ல் வந்தது, 32 எம்பி, ஃபிளாஷ் மெமரி. பேட்டரி செத்தாலும் எழுதியது அழியாது. சார்ஜ் போட்டு தேதியைச் சரிசெய்தால் போதும். திரை 160க்கு 160, சுமார்தான்.

காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் டச் ஸ்க்ரீன் சரிபார்ப்பு இருக்கும். காட்டும் குறிகளின் நடுவில் ஸ்டைலஸால் (கூடவே வரும் எழுதுகுச்சி) தொடுங்கள். பிறகு நோட் பேடில் ஓரத்திலிருந்து ஓரம்வரை மெதுவாக ஒரு குறுக்குக் கோடு. நடுவில் வெட்டிப்போனாலோ துள்ளினாலோ மேல் ஃபிலிம் போய்விட்டது, விட்டுவிடுங்கள். முழு சார்ஜில் கையில் வாங்கி அரைமணி நேரம் திரை லைட்டை எரியவிட்டுப் பாருங்கள். அதற்குள் பாதி இறங்கினால் பேட்டரி அவ்வளவுதான். வாங்கியதும் பவர் பட்டனை அழுத்தியபடியே பின்பக்கத் துளையில் ஊசியால் ரீசெட்; அழிக்கவா என்ற கேள்வி வந்ததும் திசைப் பட்டனின் மேல்பக்கம். பழையவர் சேர்த்த பெயர்களெல்லாம் துடைத்துப்போகும்.

பேக்கப் எடுப்பதில்தான் தலைவலி. பாமைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பாம் டெஸ்க்டாப் மென்பொருளோடு வரும் யுஎஸ்பி டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. வீட்டில் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுகூட இல்லையென்றால் பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றி டங்ஸ்டன் இ2 தேடுங்கள்; அதிலும் ஃபிளாஷ்தான், கூடவே புளூடூத்தும் எஸ்டி கார்டும் உண்டு. கார்டிலேயே பேக்கப் வைத்துக்கொள்ளலாம்.

இஸட்22ல் உள்ளபடியே தமிழில் டைப் செய்ய வழியில்லை. நோட் பேடில் கையால் கிறுக்கலாம், ஆனால் தேட முடியாது. ஆகவே பார்ட்டி பெயர் ஆங்கிலத்தில், ஊருக்கு ஒரு கேட்டகரி. 15 வரை போடலாம். பாக்கியை டாஸ்க்ஸில் கெடு தேதியோடு எழுதுங்கள். காலண்டர் 2031 டிசம்பர் 31டன் முடிந்துவிடும், அதற்குள் வசூலித்துவிடுங்கள்!

கிராஃபிட்டி எழுத்து (திரையில் குச்சியால் ஆங்கில எழுத்துகளைக் கிறுக்கி உள்ளிடும் முறை) கைக்குப் பழகச் சில நாள் பிடிக்கும். இஸட்22ல் இருப்பது இரண்டாம் வகை. ஐ, கே, டி (T), எக்ஸ் நான்குக்கும் இரண்டு இழுப்பு.

கத்திரி வெயிலில் வண்டி டேங்க் கவரில் மட்டும் வைக்காதீர்கள். திரை கறுத்தால் நிழலில் ஆறியதும் தெளிந்துவிடும். பேட்டரி உப்பினால் உப்பினதுதான்.