கூலன்டில் ஆயில் கலந்துவிட்டது: ஆயில் கூலரை நாமே மாற்ற முடியுமா?

கேள்வி: ‘கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்தால் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ மிதக்கிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்கிறார் ஒரு மெக்கானிக். ஆயில் கூலர் என்கிறார் இன்னொருவர். கூலர்தான் என்றால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ள முடியுமா?’

முடியும். என் காரில் நான் மாற்றியிருக்கிறேன். ஆனால் கூலரைக் கழற்றி மாட்டியது ஒரே ஒரு மதியப் பொழுது வேலைதான். அதற்கு முன்னால், பழுது அதில்தான் என்று உறுதி செய்ய ஒரு வாரம் ஆனது. மாட்டிய பிறகு, கூலன்ட் பாதை முழுக்க அப்பிக் கிடந்த ஆயிலைக் கழுவ இரண்டு சனி ஞாயிறு போயின. அதனால் என் பதிலும் பெரும்பாலும் அந்த முன்பின் வேலைகளைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். இப்போதைய கார்கள் பலவற்றில் ஆயில் கூலர் உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி. மெல்லிய தகடுகளை அடுக்கடுக்காக வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். ஓர் அடுக்கில் ஆயில், அடுத்த அடுக்கில் கூலன்ட், மறுபடி ஆயில் என்று மாறி மாறி ஓடும். பெரும்பாலும் ஆயில் ஃபில்டரை ஒட்டியே இருக்கும். பெயர்தான் கூலர், காலையில் வண்டியைக் கிளப்பும்போது அது ஆயிலைச் சூடாக்கவும் செய்கிறது, ஏனென்றால் கூலன்ட் ஆயிலைவிடச் சீக்கிரம் சூடேறும். (சில கார்களில் முன்பக்கம் குட்டி ரேடியேட்டர் மாதிரி காற்றில் குளிரும் கூலர் இருக்கும். அதில் தண்ணீரே கிடையாது, அதனால் உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இரண்டு திரவங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு தகடு மட்டும். அது அரித்து ஓட்டை விழுந்தால், அல்லது சில மாடல்களில் இருப்பதுபோல் இரண்டு பாதைகளுக்கும் இடையே உள்ள சீல் இறுகிப்போனால், ஒன்று மற்றொன்றில் கலக்கும். எது எதற்குள் போகும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. வண்டி ஓடும்போது ஆயில் அழுத்தம் ஏறக்குறைய 3 முதல் 5 பார். கூலன்டில் 1 முதல் 1.5 பார்தான். அதனால் ஆயில்தான் கூலன்டுக்குள் போகிறது. இன்ஜினை அணைத்ததும் ஆயில் அழுத்தம் உடனே பூஜ்யம்; சூடான கூலன்டில் மட்டும் கொஞ்ச நேரம் அழுத்தம் மிச்சமிருக்கும். அந்த நேரத்தில் கூலன்ட் ஆயிலுக்குள் இறங்க வாய்ப்புண்டு. எனவே ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கையும் ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். மூடியில் மட்டும் லேசாக வெளுப்பு இருந்தால், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் படியும் ஈரமாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் வெளுத்திருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கூலன்ட் கலந்த ஆயிலில் பேரிங்குகள் சீக்கிரமே கெட்டுவிடும்.

என் கதைக்கு வருகிறேன். டர்போ டீசல் கார். டேங்கில் கசடைப் பார்த்ததும் ஒர்க்‌ஷாப்பில் ‘ஹெட்டை இறக்கணும்’ என்றார்கள். எனக்கு இடித்தது. ஹெட் கேஸ்கெட் போனதற்கான வழக்கமான அறிகுறிகள் எதுவும் இல்லை: டெம்பரேச்சர் முள் ஒருநாளும் பாதியைத் தாண்டவில்லை, வெள்ளைப் புகை இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் மேல் ஹோஸ் கல்லாக இறுகவும் இல்லை. சிலிண்டர் புகை கூலன்டுக்குள் வருகிறதா என்று சோதனை செய்யச் சொன்னேன். கூலன்ட் டேங்கின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, மேலே வரும் காற்றை நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். சிலிண்டரிலிருந்து புகை கசிந்தால் பெட்ரோல் வண்டியில் திரவம் மஞ்சளாகும், டீசலில் பச்சை பக்கம் போகும். என்னுடையது நீலமாகவே இருந்தது.

அத்தோடு ஹெட் கேஸ்கெட் நிரபராதி ஆகிவிடாது. அந்த கேஸ்கெட்டில் ஆயில் பாதையும் தண்ணீர்ப் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் போகும் இடங்கள் உண்டு. அங்கே மட்டும் விட்டுப்போனால் புகை வராது, ஆயில் மட்டும் வரும். ஆனாலும் கூலர் நான்கைந்து போல்ட்டில் கைக்கு வந்துவிடுகிறது, ஹெட்டை இறக்குவதோ பெரிய அறுவை சிகிச்சை. சின்னதை முதலில் சோதிப்பதுதானே முறை? உங்களுடையது ஆட்டோமேட்டிக் கியர் என்றால் மூன்றாவதாக ஒரு சந்தேகமும் வேண்டும்: கியர் ஆயிலைக் குளிர்விக்கும் சின்னக் கூலர் சில வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும், அது உடைந்தாலும் டேங்கில் இதே குழம்புதான். அப்படியிருந்தால் கியர்பாக்ஸ் ஆயிலையும் உடனே பாருங்கள். உள்ளே தண்ணீர் போனால் கிளட்ச் தகடுகளின் பூச்சே உரிந்துவிடும்.

கூலரைக் கழற்றியதும் நான் செய்த சோதனை இது. கூலன்ட் குழாய் இரண்டில் ஒன்றை ரப்பர் வைத்து அடைத்து கிளிப் போட்டேன். மற்றொன்றில் ஹோஸ் துண்டு, அதன் முனையில் சைக்கிள் பம்ப். ஆயில் ஓட்டைகளைத் திறந்தே விட்டு வாளித் தண்ணீரில் முக்கினேன். 1.5 பார் வரை அடித்தும் ஒன்றும் வரவில்லை. வயிறு கலங்கியது, ஹெட்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, வண்டியில் இது குளிர்ந்த தண்ணீரிலா வேலை செய்கிறது? வாளியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, கூலர் நன்றாகச் சூடேறும்வரை விட்டு மறுபடி அடித்தேன். ஆயில் ஓட்டையிலிருந்து ஊசி முனை அளவுக் குமிழிகள், நூல் கோத்தது போல் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. அந்தக் குமிழியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட மாதிரி வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை.

கழற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், அவ்வளவுதான். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். காரை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஆயிலையும் கூலன்டையும் தனித்தனிப் பாத்திரங்களில் இறக்குங்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம். நாய், பூனை நக்கினால் செத்துப்போகும். தரையில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள்.

இடம்தான் வேலையின் கஷ்டத்தைத் தீர்மானிக்கிறது. என் காரில் கூலர் பக்கவாட்டில் தெரியும்படி இருந்தது, தப்பித்தேன். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மெர்சிடிஸின் ஓஎம் 642 டீசல் வி6 இன்ஜினில் கூலர் ‘வி’ வடிவின் பள்ளத்துக்குள் படுத்திருக்கும். அதன் சீல் கசிந்தால், கையளவு ரப்பர் துண்டுகளுக்காக இன்டேக்கையும் டர்போவையும் கழற்ற வேண்டும். உங்களுடையது அந்த ரகமென்றால் யோசித்து இறங்குங்கள். அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதில் தவறேயில்லை.

மாட்டும்போது மூன்று இடங்களில் கை நிதானமாக இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட் ஒட்டியிருக்கும் முகப்பை பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். உப்புத்தாளோ சுழலும் பிரஷோ போட்டால் அந்தத் துகள் ஆயில் ஓட்டைக்குள் விழுந்து நேரே பேரிங்குக்குப் போகும். சுரண்டும்போதே ஓட்டைகளைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள், அப்புறம் மறக்காமல் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். பழையது தட்டையாகி, வளைத்தால் கடுக்கென்று உடையும். புதியது உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். மூன்றாவது, முறுக்கு. எம்6 போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், அது மணிக்கட்டு பலம். உங்கள் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு. அலுமினியத்தில் மரை போய்விட்டால் அது தனிக் கதை. போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். நான் ஓர் அட்டையில் கூலரின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே போல்ட்டைக் குத்தி வைத்தேன்.

பழைய கூலரைக் கழுவிப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஓட்டை விழுந்ததை ஒட்டவே முடியாது. ஓட்டை இல்லாவிட்டாலும், பேரிங்கோ டர்போவோ உடைந்து ஆயிலில் உலோகத் தூள் ஓடிய வண்டி என்றால் கூலரைத் தூக்கிப் போடுங்கள். அந்த மெல்லிய அடுக்குகளுக்குள் சிக்கிய தூளை எந்தத் திரவமும் முழுக்க வெளியேற்றாது. மிச்சமிருப்பது புது பேரிங்கைத் தின்னும்.

இப்போது கழுவும் வேலை. எனக்கு அலுத்துப்போனது இதில்தான். முதல்முறை சும்மா தண்ணீர் விட்டு ஓட்டி இறக்கினேன். ஏதோ குறைந்தது போலத் தெரிந்தது. மறுநாள் பார்த்தால் அதே குழம்பு. ஆயிலைத் தண்ணீர் எப்படிக் கரைக்கும்? பிறகு கூலன்ட் பாதையில் ஆயில் எடுப்பதற்கென்றே விற்கும் திரவத்தை வாங்கிக் கலந்தேன். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஊற்றச் சொல்வார்கள், செய்யாதீர்கள். நுரை காற்றாக நின்று இன்ஜின் சூடாகிவிடும். தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும் வால்வு) கழற்றிவிட்டுக் கழுவினால் ரேடியேட்டருக்கும் தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே ஓடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், உள்ளே இருக்கும் குட்டி ரேடியேட்டரும் கழுவப்படட்டும். ஓட்டு, ஆறவிடு, இறக்கு, மறுபடி ஊற்று. எனக்கு ஏழாவது முறையில்தான் தெளிந்த தண்ணீர் வந்தது. டேங்கைத் தனியாகக் கழற்றிக் கழுவினேன். அதன் உள்ளறைகளுக்குள் கை போகாது. கடைசியில் வெறுத்துப்போய்ப் புதிதாகவே வாங்கிவிட்டேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஹோஸ்களையும் அமுக்கிப் பாருங்கள். கூலன்ட் ஹோஸ் ரப்பருக்கும் ஆயிலுக்கும் ஆகாது, ஊறி உப்பிவிடும். என் கீழ் ஹோஸ் கிளிப்பை ஒட்டி மெத்தென்று வீங்கியிருந்தது. மாற்றினேன். அப்படியே விட்டிருந்தால் கொஞ்ச நாளில் நடுவழியில் பிய்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியாகக் கூலன்ட் நிரப்பும்போது ஒரு கணக்கு. கழுவிய தண்ணீர் முழுக்க வெளியே வராது, பிளாக்கில் கொஞ்சம் தங்கிவிடும். கொள்ளளவு 7 லிட்டர், பாதிக்குப் பாதி கலவை வேண்டுமென்றால் முதலில் 3.5 லிட்டர் கலக்காத கூலன்டை ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். ஏற்கெனவே கலந்து வருவதை ஊற்றினால் நீர்த்துப்போகும். கடைசிக் கழுவலையும் டிஸ்டில்டு வாட்டரிலேயே செய்துவிடுங்கள். காற்று வெளியேற்றும் திருகு எங்கே இருக்கிறது என்று மேனுவலில் பார்த்து, ஹீட்டரில் சூடான காற்று வரும்வரை பொறுமையாக ஓட்டுங்கள். சூடு ஏறியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம். புது ஆயில், புது ஃபில்டர் கட்டாயம். ஆயிலில் கூலன்ட் கலந்திருந்த வண்டி என்றால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டாம் முறையும் மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, மூன்றாம் நாள் டேங்கைத் திறந்தபோது தண்ணீர் மட்டத்தில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. பதறிப்போய் இன்னொரு முறை கூலரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிட்டேன். அப்புறம் யோசித்து, அந்த வளையத்தை டிஷ்யூ சுற்றிய குச்சியால் துடைத்தெடுத்து, மட்டத்தைப் பேனாவால் குறித்துவைத்தேன். அடுத்த வாரம் வளையம் பாதியாக இருந்தது. மறுபடி துடைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது வளையம் இல்லை, மட்டமும் குறித்த கோட்டிலேயே நின்றது.