வொல்லெமை மணற்கல் காடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சிட்னிக்கு வடமேற்கே உள்ள வொல்லெமை தேசியப் பூங்காவைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

மாலா, தெம்பனிஸ்: அண்ணா, அங்கே பாறைகள் ஏன் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக நிற்கின்றன?

பாறைக்குள் ஊறும் நீர் இரும்பைக் கரைத்துக் கொண்டுபோய் மெல்லிய பட்டைகளாகப் படியவிடுகிறது. மழை சுற்றியுள்ள மணலை அரித்துவிடும், இரும்புப் பட்டை மட்டும் நிற்கும். கிட்டப் போனால் துருநிறத் தகடுகள் பாறையை விட்டு நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். படம் எடுக்க அவற்றின்மேல் ஏறாதீர்கள், பொட்டென்று உடையும். உடைந்தது மறுபடி வளராது.

செந்தில், யீஷூன்: வொல்லெமை பைன் மரம் எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது?

உலகிலேயே மிக அரிதான மரங்களில் ஒன்று அது. அந்த இடம் ரகசியம் தம்பி. அரசாங்கமே வெளியிடுவதில்லை.

ராஜா, ஜூரோங்: மக்கள் பணத்தில் காக்கும் மரத்தை மக்களே பார்க்கக் கூடாது என்றால் என்ன நியாயம்?

சரி, இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். 1994-இல் டேவிட் நோபிள் என்ற பூங்கா ஊழியர் ஒரு மணற்கல் இடுக்கில் இந்த மரங்களைக் கண்டார். காட்டில் முழுதாக வளர்ந்து நிற்கும் மரங்கள் நூறுக்கும் குறைவு, மரபணுவில் கிட்டத்தட்ட எல்லாம் ஒன்றே. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லலாம். வேரை அழுகவைக்கும் பைட்டோப்தோரா கிருமி சேற்றோடு காலணியில் ஒட்டிக்கொண்டு வரும். 2005-இல் அது அந்த இடத்திலேயே தென்பட்டது. திருட்டுத்தனமாகப் போனவர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்றுதான் சந்தேகம். 2019-20 காட்டுத்தீயில் அந்தப் பகுதியில் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது விமானத்திலிருந்து தீத்தடுப்புக் கலவை கொட்டி, ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கி நீர்ப்பாசனம் அமைத்துத்தான் இவற்றைக் காப்பாற்றினார்கள். இவ்வளவு பாடுபட்டதை ஒரு செல்ஃபிக்காக யாரும் கெடுக்கக் கூடாது. பார்க்க ஆசையா, சிட்னி தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள், அங்கே நட்டிருக்கிறார்கள், குமிழ் குமிழாகத் தடித்த அதன் பழுப்பு மரப்பட்டையை நன்றாகவே பார்க்கலாம்.

ராஜா, மறுபடியும்: வழிகாட்டியோடு, கட்டணம் வாங்கி, பத்துப் பேரை மட்டும் விடலாமே?

பத்துப் பேர் என்றால் இருபது கால்கள். கட்டணம் வாங்கினால் கிருமி நின்றுவிடுமா? ராஜா, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கவிதா, உட்லண்ட்ஸ்: அந்த மரம் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் கிடைக்குமா?

மேலே படியுங்கள் அம்மா. இன்னும் மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் இதுதான் பதில்.

ஃபாத்திமா, பொங்கோல்: டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போகலாமா?

அங்கே அது கோடை, தீப்பருவம். பூங்காத் துறையின் அறிவிப்பை அன்றன்று பாருங்கள், மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். ஜூன் விடுமுறை நல்லது, ஆனால் குளிர் எலும்பைத் துளைக்கும். அதே பூங்காவில் நியூன்ஸ் என்ற இடத்துப் பக்கம் பழைய ரயில் சுரங்கத்தில் ஒளிரும் புழுக்கள் இருக்கின்றன, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சுவரில் டார்ச் அடிக்க வேண்டாம், ஒளி பட்டால் புழுக்கள் மங்கிவிடும். எங்கே போனாலும், போகும் முன்னும் வந்த பின்னும் காலணி அடியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

குமார், பீஷான்: விசா எத்தனை நாளில் வரும்?

அது என் துறை இல்லை தம்பி. ஆஸ்திரேலிய குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் பாருங்கள்.